டபுள் பிரமோஷன் கேட்பதற்கு முன்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அக்காவின் ஏழாம் வகுப்புக் கணக்கைப் போட்டுக் காட்டினால், வீட்டில் முதலில் எழும் பேச்சு டபுள் பிரமோஷன்தான். சர் சி.வி. ராமன் பதினோரு வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினாரே என்று தாத்தா எடுத்துக்கொடுப்பார். ராமன் காலத்துக் கதை அது. இன்று வகுப்பைத் தாண்டினாலும் வயது வந்து குறுக்கே நிற்கும்.

ஆவடியில் இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் ஜூலை 31-க்குள் 5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. பக்கத்துக் கேந்திரிய வித்யாலயாவில் 6 நிறைய வேண்டும். ஆக, மாநிலப் பள்ளிப் பிள்ளை ஏற்கெனவே ஒரு வருடம் முன்னால்தான் ஓடுகிறது. பிளஸ் டூ முடிக்கும்போது அதற்கு 17-ஐ ஒட்டிய வயது. நீட் எழுத அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 நிறைந்திருக்க வேண்டும். இடையில் ஒரு வகுப்பைத் தாண்டியிருந்தால், மிச்சம்பிடித்த வருடத்தை வீட்டில் உட்கார்ந்து கழிக்க நேரலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதிவிடலாம் என்பவர்களுக்கும் குறைந்தபட்ச வயது 14. பொறியியல் பக்கம் கெடுபிடி குறைவு. ஜேஇஇ மெயினுக்கு வயது வரம்பு இல்லை.

அலுவலகச் சிக்கல் வேறு. மாநிலப் பள்ளிகளில் பிள்ளையின் வகுப்பு எமிஸ் தளத்தில் பதிவாகியிருக்கும். தலைமையாசிரியர் மனது வைத்தால் மட்டும் போதாது. கல்வி அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும்.

அதனால் என் யோசனை, வகுப்பைக் கேட்காதீர்கள், பாடத்தைக் கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் ஐந்தாம் வகுப்பு, கணக்கு பீரியடுக்கு மட்டும் ஏழாம் வகுப்பு. டி.சி.யில் எதுவும் மாறாது. விளையாட்டும் சிநேகிதர்களும் அதே செட்டுதான்.

கேட்கப் போகும் முன் ஒரு சோதனை. ஏழாம் வகுப்பின் பழைய முழு ஆண்டுத் தேர்வுத் தாளை வாங்கி, எந்தத் தயாரிப்பும் இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். அபாகஸில் பெருக்கல் வேகமாக வருவது வேறு, பின்னம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்திருப்பது வேறு. டியூஷனில் முன்கூட்டியே நடத்தியதை ஒப்பிக்கும் பிள்ளை, வார்த்தைக் கணக்கு வந்ததும் திணறும். அப்படியானால் அவசரம் வேண்டாம். நன்றாக எழுதியிருந்தால் விடைத்தாளையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ‘எங்க பையன் ரொம்ப பிரைட்டு சார்’ என்பதைத் தலைமையாசிரியர்கள் தினமும் கேட்கிறார்கள். காலாண்டுத் தேர்வு வரை பார்ப்போம், சரிவரவில்லையென்றால் பழைய இடத்துக்கே வந்துவிடட்டும் என்று நீங்களே சொன்னால் அவர் சம்மதிப்பது எளிது.

பள்ளி மறுத்தாலும் வெளியே வழி உண்டு. சென்னையில் 1965-இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறனறித் தேர்வு நடத்துகிறது. எட்டாம் வகுப்பிலிருந்து ஒலிம்பியாட் முதல் சுற்று எழுதலாம். அந்தக் கணக்குகள் மேல்வகுப்புப் பாடம் அல்ல. தெரிந்த பாடத்திலேயே ஆழமாகத் தோண்டச் சொல்பவை. வேகமான பிள்ளைக்குப் பெரும்பாலும் அதுதான் தேவைப்படுகிறது. பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்கள் சென்னை ஐஐடியின் இணையவழி பிஎஸ் படிப்புக்கான தகுதிச் சுற்றையும் முயலலாம்.

பள்ளி சம்மதித்தாலும் கடைசியில் இடிப்பது கால அட்டவணைதான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு பீரியடும் ஏழாம் வகுப்பின் பீரியடும் ஒரே நேரத்தில் வர வேண்டும். ஜூனில் போய்க் கேட்டால் அட்டவணை சுவரில் ஒட்டியாகியிருக்கும். கோடை விடுமுறை முடியுமுன்பே போய்ப் பாருங்கள்.