ராக் பாடகரும் வயலின் படையும்

1969 செப்டம்பர் 24. லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் 'டீப் பர்ப்பிள்' ராக் குழுவும் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் ஒரே மேடையில் வாசித்தன. இசையமைத்தவர் ஜான் லார்ட், பாடியவர் இயன் கில்லன்.

பிறகு அந்த இசைக்குறிப்பே தொலைந்துபோனது! நெதர்லாந்து இசையமைப்பாளர் ஒருவர் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வயலின், செல்லோ, எக்காளம் என்று வாத்தியம் வாத்தியமாக எழுதி மீட்டார். என்ன உழைப்பு! அதனால்தான் 1999-இல், 54 வயது கில்லன் அதே அரங்கில் மறுபடியும் பாட முடிந்தது.

1993-இல் நம் இளையராஜாவின் சிம்பொனியைப் பதிவு செய்ததும் இதே ராயல் ஃபில்ஹார்மோனிக்தான்.

இப்படியொரு இசைக்குழுவை நேரில் கேட்க ஆசையா? செமினி நேயர்களே, காஜாங்கில் எம்ஆர்டி ஏறி, பசார் செனியில் எல்ஆர்டி மாறினால் கேஎல்சிசி. இரட்டைக் கோபுரத்தின் அடியிலேயே இருக்கிறது பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் அரங்கம். ஒருமுறையாவது நேரில் போய்க் கேளுங்கள்.