காலில் பட்டை, வாசலில் கேமரா

சமையலறையின் வெளிக்கதவுக்குச் சீல். கூடத்துக் கம்பிக்கதவுக்குப் பூட்டு. வாசலில் சிசிடிவி. போலீஸ் தரும் போனில் ஒரு நாளைக்கு 10 நிமிடம், அதுவும் அவர்கள் முன்னாலேயே பேச வேண்டும். 2022 நவம்பரில் எழுத்தாளர் கௌதம் நவ்லகாவை நவி மும்பையில் வீட்டுக் காவலில் வைக்க உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைகள் இவை.

காவல் செலவும் அவர் தலையில்தான். முதலில் கட்டியது 2.40 லட்சம் ரூபாய். ஒன்றரை ஆண்டு கழித்து தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) நீட்டிய கணக்கு 1.64 கோடி! அவர் தரப்பு மறுத்தது. 2024 மே மாதம் ஜாமீனில் போகுமுன் 20 லட்சம் கட்டச் சொன்னது நீதிமன்றம்.

இதைவிடப் பெரிய இழப்பு 2018-லேயே நேர்ந்துவிட்டது. அப்போது டெல்லியில் 34 நாள் வீட்டுக் காவலில் இருந்தார். கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் உரிமையாகக் கிடைக்கும் ஜாமீனுக்கு, அந்த நாட்களையும் சேர்க்கக் கேட்டார். 2021-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தக் காவல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167-ஆம் பிரிவின்படி போடப்பட்டதல்ல என்பது காரணம். அதே தீர்ப்புதான் 167-இன்கீழ் வீட்டுக் காவல் விதிக்கலாம் என்றும் சொன்னது. எனவே வீட்டுக் காவல் உத்தரவு கைக்கு வந்ததும் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தப் பிரிவு? (இன்றைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அது 187.) இரண்டாவது, செலவு யாருடையது?

இப்போது காலுக்கே கருவி வந்துவிட்டது. 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸ், ஜாமீனில் வந்த ஒருவரின் கணுக்காலில் ஜிபிஎஸ் பட்டை மாட்டியது. அதே ஆண்டின் மத்திய மாதிரிச் சிறைச் சட்டம், கருவி அணியச் சம்மதிப்பவருக்குச் சிறை விடுப்பு தரலாம் என்கிறது. மீறினால் விடுப்பு ரத்து.

பட்டையை அறுத்தால் கண்காணிப்பு அறையில் அலாரம் அடிக்கும். சார்ஜ் இறங்கினாலும், கான்கிரீட் கூரைக்கடியில் சிக்னல் தடுமாறினாலும் அடிக்கும். அமெரிக்காவின் 2016-ஆம் ஆண்டுத் தர அளவுகோலே திறந்தவெளியில் 10 மீட்டர், கட்டடத்துக்குள் 30 மீட்டர் பிசகை ஏற்கிறது. நம்மூர் ஒண்டுக்குடித்தனத்தில் 30 மீட்டர் என்றால் பக்கத்துத் தெரு! அமெரிக்காவில் 2010 அக்டோபரில் ஒரு நிறுவனத்தின் சர்வரில் பதிவுகள் 210 கோடியைத் தாண்டியதும், 49 மாநிலங்களில் சுமார் 16,000 பேரின் கண்காணிப்பு 12 மணி நேரம் முடங்கியது. பட்டை கட்டியிருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை.

எல்லா நிபந்தனைக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. ஜாமீனில் வருபவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் பின்தொடர்வது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றது.

கருவி கட்டியவர் வீட்டில் ஒரு நோட்டு இருப்பது நல்லது. சார்ஜ் போட்ட நேரம், கரண்ட் போன நேரம், அலாரம் பற்றிப் போலீஸ் போன் செய்த நேரம் மூன்றையும் அன்றன்றே குறிக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போனால் ஓ.பி. சீட்டை அதிலேயே ஒட்டிவிடலாம். நிபந்தனையைத் தளர்த்தக் கோரும் மனுவை, அதை விதித்த நீதிமன்றத்திலேயே போடலாம். அங்கே மறுத்தால் உயர் நீதிமன்றம். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் இலவச சட்ட உதவிக்கு 15100.