டிரெய்லரின் டயர் ஏன் வெடிக்கிறது?

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அறுவடை நாட்களில் வைக்கோலும் மற்ற நாட்களில் ஜல்லியும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு கீரனூரைக் கடந்து செல்லும் டிராக்டர் டிரெய்லர்களைக் காண்பவர்கள், அவற்றின் சக்கரங்களைக் கவனிப்பது அபூர்வம். நடுப்பகலில் பெருஞ்சத்தத்துடன் ஒரு டயர் கிழிந்து, வண்டி ஒருபுறம் சாய்ந்து நின்ற பிறகே எல்லோர் பார்வையும் அங்கே திரும்புகிறது. வெயிலில் காற்று விரிந்து வெடித்துவிட்டது என்று அப்போது சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் சரியன்று.

முப்பது பாகை உஷ்ணத்தில் நிரப்பிய காற்று அறுபது பாகைக்குச் சூடேறினாலும், வாயுக்களின் விதிப்படி அதன் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உயரும். பழுதில்லாத டயருக்கு அது ஒரு பாரமே அன்று. உண்மையான அபாயம் காற்று மிகுவதால் அன்று, குறைவதால் விளைகிறது.

சக்கரம் ஒருமுறை சுழலும்போது டயரின் ஒவ்வொரு பாகமும் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, பின்பு நிமிர்கிறது. நசுங்குவதற்குச் செலவான சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி, முன்னும் பின்னுமாக வளைக்கப்படும் கம்பி சூடேறுவதுபோல, உள்ளேயே உஷ்ணமாகத் தங்கிவிடுகிறது. டிரெய்லர்களில் சாதாரணமாகக் காணப்படும் 9.00-16 அளவுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 350 முறை சுழலும் என்றால், திருச்சியிலிருந்து கீரனூர் வரையிலான முப்பது கிலோமீட்டருக்குள் அதன் பக்கச்சுவர் பதினாயிரம் தடவைக்கு மேல் மடிந்து நிமிர்கிறது. காற்று குறைந்தோ சுமை மிகுந்தோ இருந்தால் ஒவ்வொரு மடிப்பும் ஆழமாகும். ரப்பரோ, உஷ்ணத்தைக் கடத்துவதில் இரும்பின் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத பொருள். ஆகவே பிறந்த சூடு வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போக, ரப்பரையும் அதனுள் பதிந்த நைலான் இழைகளையும் ஒன்றாகப் பிணைத்திருக்கும் பற்று தளர்ந்து, அடுக்குகள் பிரிந்து, இறுதியில் காற்றைத் தாங்க எதுவும் இல்லாத ஒரு கணத்தில் டயர் வெடிக்கிறது. வெடிப்பு கணநேரத்துக் காரியம். அதற்கான ஆயத்தம் பல நாட்களுடையது. லாரியிலும் காரிலும் ஸ்டியரிங்கின் இழுப்பாவது ஓட்டுநரை எச்சரிக்கும். டிராக்டரின் இரைச்சலுக்கு நடுவே, பின்னால் வரும் டிரெய்லரின் ஒரு சக்கரம் காற்றிழப்பதை அறிய அவருக்கு எந்த உபாயமும் இல்லை.

இதனினும் நுட்பமான விஷயம், ஓடாமல் நிற்கும் டயரும் மூப்படைகிறது என்பது. 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி ரப்பருக்கு உறுதியளித்த நாள்முதல், பிராணவாயுவும் ஓசோனும் சூரிய ஒளியும் அதன் சத்துருக்களாகவே இருந்து வருகின்றன. அவற்றைத் தடுப்பதற்காக டயரில் கலக்கப்படும் மெழுகு போன்ற இரசாயனங்கள், டயர் ஓடி வளையும்போது மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வருகின்றன. ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையே மாதக்கணக்கில் வெட்டவெளியில் நிற்கும் டிரெய்லருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைந்துபோகிறது. பட்டை தேயாமலே பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடிவிடுகின்றன.

அமெரிக்காவில் விடுமுறைப் பிரயாணத்துக்கென்றே மக்கள் வைத்திருக்கும் வண்டிவீடுகளுக்கும் இதே கதிதான். ஆண்டின் பெரும்பகுதி நின்று, திடீரென்று முழுச் சுமையுடன் கோடை வெயிலில் நெடுந்தூரம் ஓடும் டயர்கள் அவை. அத்தகைய மோட்டார் வண்டிவீடுகளில் பொருத்தப்பட்ட ஜி159 என்னும் டயர்களில் சுமார் 1,73,000-ஐ, சுமை மிகுந்தாலோ காற்று குறைந்தாலோ மேற்பட்டை பிரியக்கூடும் என்ற காரணத்தால், குட்இயர் நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவை தயாரானதோ 1996 முதல் 2003 வரையிலான ஆண்டுகளில். எத்தனை பேர் உயிரும் உடைமையும் இந்த இடைவெளிக்குள் அகப்பட்டிருக்கும் என்று எண்ணும்போது மனம் பதைக்கிறது.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணை, மோட்டார் வாகனங்களுக்கான புதிய டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆயினும் டிரெய்லருக்கு வாங்கப்படுவது பல சமயம் லாரியில் ஓடிக் கழிந்த பழைய டயர். அதன்மேல் இருக்கும் முத்திரை அது பிறந்தபோதைய தகுதிக்குச் சாட்சியே தவிர, இன்றைய நிலைக்கு அன்று. தேய்ந்த டயரின்மேல் புதுப்பட்டை ஒட்டும் ரீட்ரெடிங்கை நான் குறைகூறவில்லை. பட்டை நீங்கலான டயர் உடலாகிய கேசிங்கைப் பரிசோதித்து, நல்லதைத் தேர்ந்து, முறையாகப் பட்டை ஒட்டப்பட்ட டயர் நெடுநாள் உழைக்கும். உள்ளிழை நைந்த கேசிங்கின்மேல் புதுப்பட்டை ஒட்டி விற்பதுதான் கொடுமை. பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்கள் அந்தக் கேசிங்கின் உண்மை வயதைச் சொல்லிவிடும்: 2316 என்றிருந்தால், 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் அது தயாரானது.

வெடிப்பு சாலையில்தான் நேரவேண்டும் என்பதும் இல்லை. காற்றின்றி வெகுதூரம் உருண்டு உள்ளிழை அறுந்த டயருக்குப் பஞ்சர் கடையில் மறுபடியும் காற்றுப் பிடிக்கும்போது, டயரோ, அதை டிஸ்க்கில் இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்பு வளையமோ தெறித்து, குனிந்து வேலை செய்பவரின் முகத்தையும் மார்பையும் தாக்கக்கூடும். சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயால், எட்ட நின்று காற்றடிப்பதே அதற்குரிய முறை. அந்தக் கூண்டு நெடுஞ்சாலையோரத்துப் பஞ்சர் கடை ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டும்.