எல்லைப்புறத்து வெண்டைக்காய்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதனை அடுத்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே எல்லைக்கோடு விழுந்தது. ஆயினும் அடுக்களையை அக்கோடு பிரிக்கவில்லை. நாம் வெண்டைக்காய் என்பதை மலையாளிகள் வெண்டக்கா என்பர். இருபுறத்தாரும் அதைத் தீயலாகவும் கிச்சடியாகவும் சமைத்து உண்கின்றனர். பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் எளிதில் கிடைக்கும் இக்காயின் இயல்பை அறிந்துகொள்வது நலம்.

வெண்டை, பருத்திக்கும் செம்பருத்திக்கும் உறவான செடி. விதைத்த ஆறேழு வாரங்களில் காய்க்கத் தொடங்கும். பூத்த ஒரு வாரத்திற்குள் காயைப் பறித்துவிட வேண்டும். பிந்தினால் நார் முற்றிவிடும். சந்தையில் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவது இதனாலேயே.

100 கிராம் பச்சை வெண்டைக்காயில் ஏறக்குறைய 90 கிராம் நீர். 3 கிராம் நார்ச்சத்து. 80 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. சி உயிர்ச்சத்து 20 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு இன்றியமையாத ஃபோலேட் சத்தும் சுமார் 60 மைக்ரோகிராம் உள்ளது.

பிடிகொடாமல் பேசுவோரை, விளக்கெண்ணெயில் வதக்கிய வெண்டைக்காய் என்று நாம் எள்ளுவதுண்டு. ஆனால், நாம் வெறுக்கும் அந்த வழவழப்பிலேதான் காயின் சிறப்பு அடங்கியிருக்கிறது. அது நீரில் கரையும் நார்ச்சத்து. மலச்சிக்கலைத் தணிக்கும்; உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் விரைவைக் குறைக்கும்.

வழவழப்பை அடக்கும் முறையை எல்லைப்புறச் சமையல் நன்கு காட்டுகிறது. முதலில் காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன் பின்னரே நறுக்க வேண்டும். தீயலுக்குத் தேங்காய்த் துருவல், மிளகாய் வற்றல், கொத்தமல்லி ஆகியவற்றைக் கருஞ்சிவப்பாக வறுத்தரைத்து, வதக்கிய வெண்டைக்காயும் உள்ளியும் சேர்த்துப் புளிநீரில் கொதிக்கவைப்பர். கிச்சடிக்குத் தேங்காய், பச்சைமிளகாய், கடுகு ஆகியவற்றை அரைத்துத் தயிரில் கலந்து, வறுத்த காயைச் சேர்ப்பர். புளியும் தயிரும் வழவழப்பைத் தளர்த்தும். குழம்பில் இட்டால், கரைந்த சத்து குழம்பிலேயே தங்கும். மொறுமொறுப்புக்காக எண்ணெயில் மூழ்க வைத்துப் பொரித்தால், காயின் நன்மையைவிட எண்ணெயின் சுமையே மிகும்.

வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று பிள்ளைகளிடம் சொல்வதால் தீங்கில்லை, காயையேனும் உண்பார்கள். ஆனால், வெண்டைக்காயை இரவில் ஊறவைத்த நீரைக் காலையில் பருகினால் நீரிழிவு நீங்கிவிடும் என்று நம்பி, மாத்திரையை நிறுத்துவது பேராபத்து. சிறு ஆய்வுகள் சிலவற்றில் சர்க்கரை ஓரளவு குறைந்ததாகக் கண்டதுண்டு. நோய் தீர்ந்ததாக எவரும் நிறுவவில்லை. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்விலோ, நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் என்னும் மருந்து எலிகளின் உடலில் சேர்வதை வெண்டைச் சாறு குறைத்தது. மனிதரிடமும் அவ்வாறே நிகழும் என்று இதனால் முடிவு கட்ட இயலாது. எனினும், மாத்திரை உண்போர் அந்நீரைப் பருகுமுன் மருத்துவரைக் கேட்பதே அறிவுடைமை. சிறுநீரகக் கல் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர்களும் இக்காயை எவ்வளவு உண்ணலாம் என்று கேட்டறிய வேண்டும்.

வெண்டைக்காய் நல்ல உணவு, மருந்தன்று. இலையில் அதற்குரிய இடத்தை அளிப்போம். மருத்துவரின் இடத்தை அதற்கு அளிக்க வேண்டா.