மார்பறுவையும் மூச்சுப் பயிற்சியும்

மார்பைத் திறந்து செய்யும் அறுவை இந்நாளில் அரியதொன்றன்று. நம் நாட்டில் அதற்கெனத் தனித்துறை முதன்முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1949-ஆம் ஆண்டில், ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவரால் நிறுவப்பெற்றது. சேரப்பணஞ்சேரியார்க்கோ நெஞ்சு நோயெனின் நினைவில் எழுவது, படப்பை வழியாகச் சென்றடையும் தாம்பரம் சானடோரியம். 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தோற்றுவித்தது அது.

அறுவை செவ்வனே முடிந்தும் சிலர் இரண்டு மூன்று நாளிற் காய்ச்சலும் இளைப்பும் உற்று வருந்துதல் ஏன்? நுரையீரல் பல கோடி நுண்ணிய காற்றறைகளால் ஆயது. மயக்க மருந்தின் வயப்பட்டுக் கிடக்கும்போதே அவற்றுட் சில சுருங்கி மூடிக்கொள்கின்றன. விழித்தபின் காயத்தின் வலி ஆழ்ந்து மூச்செடுக்க விடுவதில்லை, இருமவும் அச்சம். கோழை தேங்குகின்றது, தேங்கிய இடத்திற் கிருமி பெருகி நிமோனியா தோன்றுகின்றது. "அசையாதே, இருமாதே, தையல் பிரிந்துவிடும்" என்று அருகிருந்து தடுக்கும் உறவினரின் அன்பே இங்குப் பகையாய் முடிகின்றது!

இதற்கு மாற்று, அறுவைக்கு முன்னரே இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பாடமாம். ஆழ்ந்து மூச்சையிழுத்து, இரண்டு மூன்று நொடி நிறுத்தி, மெல்ல விடுதல். காயத்தின்மேல் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுதல். மருத்துவர் இசைந்தவுடன் எழுந்து நடத்தல். வேறில்லை. பின்னர்க் கற்பித்தாலாகாதோ எனின், அப்பொழுது நோயாளர் பாதி மயக்கத்திலும் முழு வலியிலும் இருப்பர். நுரையீரலோ அதுவரை காத்திராது.

பயன் மெய்தானா? ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 3 மருத்துவமனைகளில் 441 பேரிடம் சோதித்து 2018-இல் முடிவு வெளியிட்டனர். அவர்க்கு நிகழ்ந்தது மேல்வயிற்றறுவை. எனினும் மூச்சுக்கு நேரும் இடர் பெரிதும் ஒத்ததே. எல்லார்க்கும் சிறுநூலொன்று தந்தனர். ஒரு சாரார்க்கு மட்டும் 30 நிமிடம் நேரிற் கற்பித்தனர். நூல் மட்டும் பெற்றவருள் 100-க்கு 27 பேர் நுரையீரற் கேடுற்றனர்; நேரிற் கற்றவருள் 12 பேரே. அச்சிட்ட தாளைக் கையிற் கொடுத்தாற் கற்பித்ததாகும் என்பார்க்கு (தேர்வு நாளிற் குறிப்பேட்டையே நம்பியிருக்கும் நம்மவர்க்குந்தான்) இதனினும் நல்ல விடையில்லை.

மூன்று பந்துகளையுடைய மூச்சுப் பயிற்சிக் கருவியும் மருந்துக்கடைகளிற் கிடைக்கின்றது. பந்து உயரும் காட்சி ஊக்கந் தரும். ஆயினும் பயிற்சியோடு அதனைச் சேர்த்தலால் மிகுபயன் உண்டென்பது ஆராய்ச்சிகளில் உறுதிப்படவில்லை.

பீடி, சிகரெட்டுப் பழக்கமுடையார் அவற்றை அறுவைக்கு 4 வாரமேனும் முன்னர் விடுதல் வேண்டும். ஆதலின் ஒரகடத்து ஆலைத் தொழிலாளர், அறுவைக்கு விடுமுறை கேட்கும் நாளிலேயே மருத்துவரிடம் இப்பாடத்தையும் கேட்டுக்கொள்வது தக்கது. உடனிருந்து பார்க்கப்போகும் உறவினரையும் அழைத்துச் செல்லலாம்.