மாமாவின் காரும் மல்லுக்கட்டிய சென்சாரும்



"ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிறேன்னு சொல்ற, வாசல்ல நிக்கிற காரை ஸ்டார்ட் பண்ணத் தெரியலையே மாப்ளே?"

போன டிசம்பரில் என் தாய்மாமா கேட்ட கேள்வி இது. மூன்று வருஷ வைவாவில்கூட நான் அப்படி முழித்ததில்லை.

குன்னூருக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து லைன் வீடு எங்களுடையது. மாமா ஒரு பழைய பெட்ரோல் காரை வைத்துக்கொண்டு சிம்ஸ் பார்க், லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் என்று சவாரி ஓட்டுகிறார். ராத்திரி நேரத்தில் லைனில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் அந்தக் கார்தான் ஆம்புலன்ஸ். அன்று விடியற்காலை மூன்று மணிக்கு அடுத்த வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத்திணறல். செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து இறக்கத்தில் தள்ளிய பிறகுதான் பிடித்தது. பாட்டி பிழைத்துக்கொண்டார். நம்ம டிப்ளமோ மானம்தான் ஊசலாடியது!

இதில் ஒரு வேடிக்கை. அதே கார் மேட்டுப்பாளையம் இறங்கினால் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகும். அங்கே மெக்கானிக்கிடம் காட்டினால் "வண்டியில ஒரு கோளாறும் இல்லை" என்பார். குளிரில் மட்டும் மக்கர், வெயிலில் சமர்த்து. கொஞ்சம் யோசித்திருந்தால் விடை அதிலேயே இருந்தது.

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் ஸ்டார்ட் ஆகும்போது கூடுதல் பெட்ரோல் கொடுக்க வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் டிரைவரே சோக் குமிழை இழுத்து இதைச் செய்தார். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சோக் இல்லை. ஈ.சி.யு. என்ற குட்டிக் கம்ப்யூட்டர்தான் அளவு போடுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று அதற்குச் சொல்வது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்.

கட்டைவிரல் அளவுள்ள அந்தச் சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். உலோகக் கம்பிக்கு நேர் எதிர்! சில்வர் சல்பைடில் இந்தக் குணத்தை 1833-லேயே எழுதிவைத்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லன் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றவர் அவர். நம்மைப் போல் கையால் தொழில் பழகியவர் என்பதில் நமக்கும் பெருமைதானே!

பல வண்டிகளில் இந்தச் சென்சார் 20 டிகிரியில் இரண்டு முதல் மூன்று கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். நான் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த காலையில் எங்கள் ஊரில் 11 டிகிரி. மூன்று கிலோ ஓமுக்கு மேல் காட்ட வேண்டியது, வெறும் 600 காட்டியது. அதாவது, "இன்ஜின் 60 டிகிரி சூட்டில் இருக்கு" என்று ஈ.சி.யு.விடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நம்பக்கூடிய பொய் என்பதால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை!

இதற்கு முன் நான் செய்த தப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் மாற்றியது தவறான சென்சார். பல வண்டிகளில் இரண்டு இருக்கும். ஒற்றை வயர் உள்ளது பெரும்பாலும் டேஷ்போர்டு முள்ளுக்கு. இரண்டு வயர் உள்ளதுதான் ஈ.சி.யு.வுக்கு. முள் சரியாகக் காட்டுகிறதே என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் மாமாவின் ஒருநாள் வருமானம் மிச்சமாகியிருக்கும்.

இனி மாற்றும் முறை:

1. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே கை வையுங்கள். ராத்திரி நிறுத்திய வண்டி என்றால் உத்தமம். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் அப்படியே கொதித்து முகத்தில் அடிக்கும். மலையில் ஆபத்து இன்னும் அதிகம். குன்னூரில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலும், ஊட்டியில் 93-க்குக் கொஞ்சம் கீழேயுமே கொதித்துவிடும்.

2. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சென்சார் மட்டத்துக்குக் கீழே இறங்கும் அளவுக்குக் கூலன்ட்டைச் சுத்தமான பேசினில் பிடியுங்கள். அது இனிப்பாக இருக்கும் விஷம். நாயோ மாடோ குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஓடையில் ஊற்றவே கூடாது.

3. கனெக்டரின் லாக்கை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். எங்கள் வண்டியில் கனெக்டருக்குள்ளே பச்சைக் களிம்பு! மலை மூட்டத்தின் கைங்கர்யம். களிம்பைச் சுத்தம் செய்து மறுபடி அளந்தேன். அதே 600 ஓம். சென்சாரேதான் போயிருந்தது.

4. பொருத்தமான டீப் சாக்கெட் போட்டுக் கழற்றுங்கள். பல வண்டிகளில் 19 எம்.எம். புதியதற்குப் புது வாஷர் போட்டு, முதலில் விரலாலேயே முறுக்கி ஏற்றுங்கள். அது அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். டார்க் அளவை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. கூலன்ட்டை நிரப்பி, பேட்டரியை மாட்டி, மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். "ஃபேன் ஓடும்வரை காத்திரு" என்று சமவெளிக்காரர்கள் சொல்வார்கள். பல வண்டிகளில் ஃபேன் ஓடுவது 95 டிகிரி வாக்கில். நம்ம ஊரில் வெறும் தண்ணீர் என்றால் அதற்கு முன்பே கொதித்துவிடுமே! மேல் ஹோஸ் சூடாகி, குமிழி நின்றதும் மூடிவிடுங்கள். பிறகு கசிவு பாருங்கள். மறுபடி ஆறியதும் மட்டம் பாருங்கள்.

வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தலைகுந்தா பக்கம் ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மறுநாள் காலை ஆறு மணி. மாமா சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எனக்கும் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து நீட்டினார். அடுத்த வீட்டுப் பாட்டிதான் வாசலில் நின்று, "தம்பி, இனிமே தள்ள வேண்டாமா?" என்று கேட்டார்.

நண்பர்களே, பார்ட் மாற்ற யாராலும் முடியும். மாற்றுவதற்கு முன்னால் அளந்து பார்ப்பதற்குத்தான் நமக்கு மூன்று வருஷப் படிப்பு. மல்டிமீட்டரைப் பரீட்சையோடு பீரோவில் பூட்டி வைத்துவிடாதீர்கள்!

- மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்