வயிறு நிறைஞ்சா போதுமா? ஒரு தட்டு சோறும் நாலு கேள்வியும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு தட்டைப் பத்திதான். தண்டையார்பேட்டையில மதிய நேரம் நிறைய வீடுகள்ல பார்க்கிற தட்டு அது. மலை மாதிரி சோறு, மேல குழம்பு, ஓரத்துல ரெண்டு ஸ்பூன் பொரியல், ஒரு அப்பளம். சாப்பிட்டு எழுந்தா வயிறு ஃபுல். ஆனா உடம்பு கேட்டது எல்லாம் கிடைச்சுதா?

சோறு எங்க போகுது?

தண்ணியைக் கழிச்சுட்டுப் பார்த்தா, சோறு பெரும்பாலும் மாவுச்சத்துதான். வாயில எச்சில் படும்போதே உடைய ஆரம்பிச்சு, சிறுகுடல்ல குளுக்கோஸா மாறி ரத்தத்துல கலக்கும். மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை எரிக்குது. செலவு போக மிச்சம் இருக்கிறது கல்லீரல்லயும் தசையிலயும் கிளைக்கோஜனா சேரும். அந்தக் குடோன் ரொம்பச் சின்னது. நிறைஞ்சுட்டா, மீதி கொழுப்பா மாறும்.

ஹார்பர்ல மூட்டை தூக்கின தாத்தாவுக்கு அந்த மலைச்சோறு சரியான எரிபொருள். அதே அளவைச் சாப்பிட்டுட்டு எட்டு மணி நேரம் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்தா கணக்கு வேற. ஐதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. தானியத்துல இருந்து வர்ற கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்னு அதுல சொல்றாங்க. இந்தியாவுல 50 முதல் 70 சதவீதம் வரைக்கும் தானியத்துல இருந்துதான் வருதுன்னும் சொல்றாங்க.

புரதம் யார்கிட்ட இருக்கு?

தசை, தோல், முடி, என்சைம், நோய் எதிர்ப்புப் பொருள் எல்லாத்துக்கும் செங்கல் புரதம்தான். மாவுச்சத்தையும் கொழுப்பையும் மாதிரி இதைச் சேமிச்சு வைக்க உடம்புல தனி குடோன் கிடையாது. அதனால தினமும் வரணும். ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம்னு கணக்கு. 60 கிலோ இருந்தா சுமார் 50 கிராம்.

ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசின்னு வெச்சா, அதுல வர்ற புரதம் சுமார் 11 கிராம். அதுலயும் லைசின்ங்கிற அமினோ அமிலம் குறைவு. பருப்புல லைசின் நிறைய, ஆனா மெத்தியோனின் குறைவு. ஒண்ணுல குறையறதை இன்னொண்ணு நிரப்பும். சாம்பார் சாதமும் இட்லியும் நல்ல கூட்டணி ஆனது இப்படித்தான். ஆனா சாம்பார் தண்ணியா இருந்தா கூட்டணி உடைஞ்சிடும்!

இதுக்குப் பவுடர் டப்பா வாங்கணும்னு இல்ல. ஒரு முட்டையில 6 கிராம் இருக்கு. ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, காசிமேட்டு நெத்திலி எல்லாம் நம்ம ஏரியாவுலயே கிடைக்கும். நெத்திலியை முள்ளோட சாப்பிடுறதால கால்சியமும் சேர்ந்து வரும். மத்தி மீன்ல ஒமேகா-3 கொழுப்பு இருக்கு.

கொழுப்புன்னதும் பயப்படாதீங்க. கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4-தான். அதனால அளவு முக்கியம். ஆனா எண்ணெய் சுத்தமா இல்லன்னா ஏ, டி, இ, கே வைட்டமின்கள் குடல்ல சரியா ஏறாது. முருங்கைக்கீரையை ஒரு ஸ்பூன் எண்ணெயில வதக்குறதுல அர்த்தம் இருக்கு.

குன்னூர் எலிகள் சொன்னது என்ன?

சோறு எரியணும்னா குளுக்கோஸ் மட்டும் போதாது, வைட்டமின் பி1 வேணும். அது இல்லன்னா வர்ற நோய் பெரிபெரி. நரம்பையும் இதயத்தையும் தாக்கும். இந்த நோயை ஆராய 1918-ல குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துல ராபர்ட் மெக்காரிசன் ஒரே ஒரு அறையில வேலையை ஆரம்பிச்சார். அந்த அறைதான் வளர்ந்து, 1958-ல ஐதராபாத் போய், இப்ப நான் சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குது.

மெக்காரிசன் இந்தியாவோட பல பகுதி சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பருப்பு, பால், காய்கறி கலந்த பஞ்சாப் சாப்பாட்டுல எலிகள் செழிப்பா வளர்ந்துச்சு. அரிசியே பிரதானமா இருந்த மெட்ராஸ் சாப்பாடு கடைசி வரிசையில நின்னுச்சு. தப்பு அரிசி மேல இல்ல. தட்டுல அரிசி மட்டும் இருந்ததுதான் பிரச்சினை.

இன்னொரு விஷயம். நெல்லை ஊறவெச்சு வேகவைக்கும்போது, தவிட்டுல இருக்கிற பி1-ல ஒரு பங்கு அரிசிக்குள்ள இறங்கிடும். அப்புறம் மில்லுல தீட்டினாலும் முழுசா போகாது. ரேஷன் புழுங்கல் அரிசியைக் கிண்டல் பண்றவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

ரத்தம் ஏன் குறையுது?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மேல. நுரையீரல்ல இருந்து ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போற ஹீமோகுளோபினுக்கு இரும்புச்சத்து வேணும். அது குறைஞ்சா மாடி ஏறினாலே மூச்சு வாங்கும், எப்பவும் அசதி. அதை நாம 'சோம்பேறித்தனம்'னு பேர் வெச்சுக் கூப்பிடுறோம்.

ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம்னா, மாதவிடாய் வர்ற பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. ஆட்டு ஈரல், சுவரொட்டி, மீன்ல இருக்கிற இரும்பு சுலபமா ஏறும். கீரை, பருப்புல இருக்கிறது கஷ்டப்பட்டுதான் ஏறும். கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தா வைட்டமின் சி கை கொடுக்கும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா, அதுல இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும். அதனால சாப்பாட்டுக்கு முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம்.

இப்ப உங்க வீட்டுத் தட்டுக்கு வாங்க. எல்லாருக்கும் பரிமாறிட்டுக் கடைசியா உட்கார்ற அம்மாவுக்கு என்ன மிஞ்சுது? பல வீட்டுல சோறும் குழம்புத் தண்ணியும்தான். மீன் துண்டும் முட்டையும் நமக்கு வந்துடுது. அதிகம் இரும்பு தேவைப்படுறவங்க தட்டுலதான் இரும்பு கம்மி!

இந்த வாரம் ரெண்டு வேலை பண்ணுங்க. சோத்துல ஒரு கரண்டி குறைச்சு, பருப்போ முட்டையோ மீனோ ஒண்ணு கூட்டுங்க. அதை அம்மா தட்டுல முதல்ல வைங்க. அவங்களுக்கு அசதி ரொம்ப நாளா இருந்தா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுக்கக் கூட்டிட்டுப் போங்க. 12-க்குக் கீழன்னா டாக்டர்கிட்ட பேசணும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். டாட்டா!